பாண்டியில் பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்குவோர் கவனத்துக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

புதுக் கம்பி மாட்டிய அன்று எந்த பேஸ் கிட்டாரும் நன்றாகத்தான் பேசும். விலை மலிவான செட்கூடக் கணீரென்று கேட்கும். புதுச்சேரியில் கம்பி வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு அடுத்தது: ஒரு மாதம் கழித்து இது எப்படிக் கேட்கும்?

கடற்கரைச் சாலையிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருந்தாலும் உப்புக் காற்று வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஜன்னல் கம்பியையும் சைக்கிள் செயினையும் அரிக்கிற காற்று, அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய உலோக இழையைச் சுற்றிச் செய்த பேஸ் கம்பியை விட்டுவைக்குமா? போதாததற்குக் கை வியர்வை. வியர்வையும் உப்புத்தான். இழைக்கும் இழைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் அழுக்கு சேரச் சேர, முதலில் காணாமல் போவது அந்தக் கணீர்தான். ஆக, கடையில் நீங்கள் கேட்டு மயங்கிய ஒலி சில வாரம்தான் இருக்கும். பிறகு பல மாதம் வரப்போவது பழகிய கம்பியின் ஒலி. அந்தப் பழைய ஒலி எந்தக் கம்பியில் உங்களுக்குப் பிடிக்கிறதோ அதை வாங்குங்கள். கீழே உள்ள பட்டியல் முழுக்க இந்த ஒரே கணக்கிலிருந்து வருவது.

சம்பா கோயில் எனும் தேவாலயத்தின் பூசையில் பாடகர் குழுவோடு வாசிக்கிறவர், ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் பக்கம் இன்னிசை மேடை ஏறுகிறவர், ஜூன் 21 ஃபெத் த லா மியூசிக் இசை விழா நாளில் தெருவில் ராக் வாசிக்கிறவர், மூவருக்கும் ஒரே கம்பி பொருந்தாது. தனக்கு எது என்று அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

1. முதலில் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.

நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள தூரம்தான் ஸ்கேல். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரசிஷன் பேஸுக்கு 34 அங்குலம். இன்று கடைகளில் தொங்கும் பெரும்பாலான பேஸும் அதே அளவுதான். பால் மெக்கார்ட்னி வாசிக்கும் வயலின் வடிவ ஹோஃப்னர் போன்றவை ஏறக்குறைய 30 அங்குலம். இவை ஷார்ட் ஸ்கேல். ஐந்து கம்பி பேஸ் சிலவற்றில் 35 அங்குலம் வரும். ஸ்கேலை மட்டும் அளந்தால் போதாது. கம்பியின் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணோடு கடைக்குப் போங்கள். சில பேஸில் கம்பி உடலின் பின்பக்கத்திலிருந்து துளை வழியாக வரும். அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். கம்பியின் முனையில் சுற்றியிருக்கும் வண்ண நூல் நட்டைத் தாண்டிய பிறகே தொடங்க வேண்டும். நட்டின் மேலேயோ ஃப்ரெட் பலகையின் மேலேயோ நூல் வந்தால், கம்பி உங்கள் பேஸுக்குக் குட்டை என்று பொருள்.

2. எந்தச் சுற்று என்பதை வாசிக்கும் பாட்டை வைத்து முடிவுசெய்யுங்கள்.

மற்ற எல்லாவற்றையும்விட ஒலியை அதிகம் மாற்றுவது இதுதான்.

ரவுண்ட்வவுண்ட்: உருண்டை இழையால் சுற்றியது. பளிச்சென்று உலோகமாகப் பேசும். ஸ்லாப் வாசிக்கிறவர்களுக்கும் ராக் வாசிக்கிறவர்களுக்கும் இது வேண்டும். 1966இல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலும் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கம்பிதான் இந்த ஒலியைப் பரப்பியது. அந்தப் பளிச்சுக்காகத்தான் இதை வாங்குகிறோம். பாண்டிக் காற்று முதலில் கை வைப்பதும் அந்தப் பளிச்சின் மேல்தான். அடிக்கடி மாற்ற மனமும் பணமும் இருந்தால் வாங்குங்கள்.

ஃப்ளாட்வவுண்ட்: தட்டை நாடாவால் சுற்றியது. விரலுக்கு வழவழப்பு. விரல் நகரும்போது சரசரப்பு இல்லை. கனத்த, உருண்ட ஒலி. தொடக்கத்திலேயே பளிச்சு குறைவு என்பதால் இழப்பதற்கும் குறைவு. அழுக்கு தங்கப் பள்ளமும் இல்லை. விலை கூடுதல், ஆனால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மோட்டவுன் நிறுவனத்தின் அறுபதுகளின் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962 பிரசிஷன் பேஸில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளைப் போட்டிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். இது பழைய பாட்டுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் ஹெவி மெட்டலை ஃப்ளாட்வவுண்டில்தான் வாசிக்கிறார். அவர் பெயரிலேயே ரோட்டோசவுண்ட் ஒரு செட் விற்கிறது.

ஹாஃப்வவுண்ட்: உருண்டைக் கம்பியின் மேற்புறத்தை மட்டும் சீவியது. ஒலியும் தொடும் சுகமும் இரண்டுக்கும் நடுவே. பூசையில் மெதுவான பாட்டு, சாயங்காலம் சினிமாப் பாட்டு என்று கலந்து வாசிக்கிறவர்களுக்குப் பொருந்தும்.

டேப்வவுண்ட்: வெளியே நைலான் நாடா, உள்ளே எஃகு. டபுள் பேஸ் சாயலில் மந்தமாக, இதமாகப் பேசும். வெளிப்புறம் நைலான் என்பதால் வியர்வை எளிதில் ஒன்றும் செய்வதில்லை. நிக்கல் தோலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது நல்ல வழி.

எண்பதுகளின் இளையராஜா பாடல்களை வாசிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்தின் 'பனி விழும் மலர்வனம்' போன்ற பாடலில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கேட்க வேண்டும். அதற்கு ஃப்ளாட்வவுண்ட், ஹாஃப்வவுண்ட், சற்றே பழகிய நிக்கல் ரவுண்ட்வவுண்ட் மூன்றில் எதுவானாலும் போதும். நேற்று மாட்டிய ஸ்டீல் கம்பிதான் துருத்திக்கொண்டு கேட்கும்.

3. உலோகத்தையும் பாருங்கள்.

ரவுண்ட்வவுண்டில் இரண்டு உலோகம் பரவலாகக் கிடைக்கும். நிக்கல் முலாம் பூசிய எஃகு மிதமாகப் பேசும், விரலுக்கும் மென்மை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூர்மையாகப் பேசும், துருவையும் கூடுதலாகத் தாங்கும். அப்படியானால் கடலோரத்துக்கு ஸ்டீல்தானே சரி என்று தோன்றும். பாதி சரி. துரு குறைவாகப் பிடித்தாலும் சுற்றுகளுக்கிடையில் அழுக்கு சேர்வதை ஸ்டீல் தடுக்காது. மேலும் ஃப்ரெட்டை இது நிக்கலைவிட வேகமாகத் தேய்க்கும். கம்பியை மாற்றுவது சுலபம்; ஃப்ரெட் மாற்றுவது பெரிய வேலை.

4. பூச்சுள்ள கம்பியை ஒருமுறை முயன்று பாருங்கள்.

எலிக்ஸிர் போன்ற கம்பிகளின் மேல் மெல்லிய பாலிமர் பூச்சு இருக்கும். எலிக்ஸிரைச் செய்வது கோர்-டெக்ஸ் துணியைத் தரும் டபிள்யூ. எல். கோர் நிறுவனம். பூச்சு கம்பி முழுவதையும் மூடுவதால் வியர்வையும் ஈரமும் சுற்றுக்குள் இறங்குவது குறைகிறது. விலை கேட்டால் திகைப்பு வரும். ஆனால் ரவுண்ட்வவுண்டின் பளிச்சும் வேண்டும், மாதாமாதம் மாற்றவும் முடியாது என்கிற பாண்டிக்காரருக்குக் கணக்கு இதில்தான் கட்டுப்படியாகும். கையில் கொஞ்சம் வழுக்கும், பழகிவிடும்.

5. தடிமனைக் கைக்கும் சுருதிக்கும் பொருத்துங்கள்.

அட்டையில் 45-65-80-100 என்றோ 45-65-85-105 என்றோ போட்டிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 45 மெல்லிய ஜி கம்பி, 100 அல்லது 105 தடித்த ஈ கம்பி. புதிதாகக் கற்கிறவர்கள் 40-100 அல்லது 45-100 எடுத்தால் விரல் வலி குறையும். பலமாக அடித்து வாசிக்கிறவர்களுக்கு 105 நல்லது. கம்பி ஃப்ரெட்டில் மோதி இரைவது குறையும். ஐந்து கம்பி பேஸின் பி கம்பிக்கு 125 முதல் 135 வரை உண்டு. அது விநாடிக்கு ஏறத்தாழ 31 தடவைதான் அதிரும். மெல்லியதாக இருந்தால் சுருதி நிற்காமல் தளதளக்கும்.

6. ஒலிபெருக்கியையும் கணக்கில் எடுங்கள்.

ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். சின்ன ஆம்ப்ளிஃபையரும் திருமண மண்டபத்து ஸ்பீக்கரும் அதை முழுதாக வெளியே தள்ளாது. மேலே பிறக்கும் துணை அதிர்வுகளை வைத்துத்தான் காது அந்தச் சுரத்தை அடையாளம் காண்கிறது. முற்றிலும் செத்த ரவுண்ட்வவுண்ட் கம்பியில் அந்தத் துணை அதிர்வும் போய்விடும். அப்புறம் உங்கள் பேஸ் டிரம்ஸோடு கலந்து வெறும் உறுமலாகிவிடும். சின்ன ஆம்ப்ளிஃபையரே கதி என்றால் ஃப்ளாட்வவுண்டைவிட ஹாஃப்வவுண்டோ பூச்சுள்ள ரவுண்ட்வவுண்டோ எடுபடும்.

7. போலியா என்று சோதியுங்கள்.

பேர்போன நிறுவனங்களின் அட்டையை அச்சு அசலாக நகலெடுத்த போலிக் கம்பிகள் சந்தையில் உண்டு. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். டி'அடாரியோ செட்டுகள் துருவைத் தடுக்கும் உறையில் காற்றுப் புகாமல் அடைத்து வரும். உள்ளே உள்ள குறியீட்டு எண்ணை நிறுவனத்தின் தளத்தில் பதிந்து பார்க்கலாம். பாண்டியில் வேண்டிய வகை கிடைக்காவிட்டால் சென்னை 150 கிலோமீட்டர்தான். அண்ணா சாலையில் 1842 முதல் இசைக்கருவி விற்றுவரும் மூசே மியூசிக்கல் இருக்கிறது. போகிற வேலையோடு இரண்டு செட்டாக வாங்கி வந்துவிடுங்கள்.

8. மாட்டியபின் கழுத்தைப் பாருங்கள்.

நான்கு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை எழுபது, எண்பது கிலோ அளவுக்கு வரும். தடித்த கம்பிக்கு மாறினால் கழுத்து முன்னால் வளையும். மெல்லியதற்கு மாறினால் நிமிர்ந்து, கம்பி ஃப்ரெட்டில் மோதி இரையும். முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டர் சொல்லும் பொது அளவு. 17ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர். டிரஸ் ராடைத் திருப்ப வேண்டுமானால் கால் சுற்று போதும். சுருதி சேர்த்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி பாருங்கள். பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

9. நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே மாற்றுங்கள்.

புதுக் கம்பி இழுபட்டு அடங்கும்வரை சுருதி நிற்காது. ஃபெத் த லா மியூசிக் 1982இல் பிரான்சின் கலாச்சார அமைச்சர் ஜாக் லாங் காலத்தில் தொடங்கிய விழா. பாண்டியில் அது வருவது ஜூன் மாதத்துப் புழுக்கத்தில். திறந்தவெளியில், சூட்டில், ஏற்கெனவே சுருதி இறங்கப் பார்க்கும். அதோடு அன்று காலை மாட்டிய கம்பியும் சேர்ந்தால் பாட்டுக்குப் பாட்டு ட்யூனரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

10. வாசித்து முடித்ததும் துடையுங்கள்.

செலவில்லாத பழக்கம், ஆனால் கம்பியின் ஆயுளை இதைப்போல் நீட்டுவது வேறில்லை. பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். மேல்பக்கத்தை மட்டும் துடைக்காமல், துணியைக் கம்பிக்கு அடியில் நுழைத்து நீளவாக்கில் இழுங்கள். வாசிக்கும் முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கல்யாணப் பந்தியிலிருந்து நேரே மேடை ஏறுகிறவர்களுக்கு இது அவசியம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

செய்யக்கூடாதவை

1. பிடித்த கலைஞர் போட்ட கம்பி என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். ஏ. ஆர். ரகுமான் இசையில் வாசித்த கீத் பீட்டர்ஸ், மோகினி டே இருவரின் ஒலியில் கம்பிக்குப் பங்கு உண்டு, விரலுக்குத்தான் பெரும்பங்கு. ஒலிப்பதிவுக் கூடத்தின் குளிரூட்டிய அறையில் கம்பி படும் பாடும் மீனவக் கிராமத்து மேடையில் அது படும் பாடும் வேறு.

2. வெண்கலக் கம்பியை எலக்ட்ரிக் பேஸில் போடாதீர்கள். பாஸ்பர் பிரான்ஸ் என்று அட்டையில் இருந்தால் அது அகூஸ்டிக் பேஸுக்கு. எலக்ட்ரிக் பேஸின் பிக்அப் காந்தத்தால் வேலை செய்வது. வெண்கலச் சுற்றைக் காந்தம் உணராது. உள்ளே உள்ள எஃகை மட்டும் உணர்ந்து, ஒலி மெலிந்து வரும். உகுலேலே பேஸுக்கு வரும் ரப்பர் போன்ற கம்பியை இதில் மாட்டினால் சத்தமே வராது.

3. நீளமான செட்டை வெட்டி ஷார்ட் ஸ்கேல் பேஸில் மாட்டாதீர்கள். முழுத் தடிமனுள்ள பகுதி டியூனிங் கீயில் சுற்றும்போது ஒடியும், அல்லது இழை பிரியும். இழுவிசையும் குறையும்: 34 அங்குலத்தில் விறைப்பாக இருந்த அதே கம்பி 30 அங்குலத்தில் அதே சுருதிக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தொய்ந்துபோகும். ஷார்ட் ஸ்கேல் என்று எழுதிய செட்டையே கேட்டு வாங்குங்கள்.

4. ஃப்ரெட்லெஸ் பேஸில் யோசிக்காமல் ரவுண்ட்வவுண்ட் போடாதீர்கள். பலகையை அரம்போல் அராவிவிடும். ஜேகோ பாஸ்டோரியஸ் போட்டாரே என்பார்கள். அவர் பலகையின் மேல் படகுக்குப் பூசும் எபாக்ஸியைக் கனமாகப் பூசிவிட்டுத்தான் ரோட்டோசவுண்ட் போட்டார். உங்கள் பேஸில் அந்தப் பூச்சு இல்லையென்றால் ஃப்ளாட்வவுண்டோ டேப்வவுண்டோதான்.

5. சுருதியை இறக்கிவிட்டு அதே கம்பியோடு இருக்காதீர்கள். பாடகருக்காக அரை ஸ்வரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். முழு ஸ்வரம் இறக்கினால் 20 சதவீதம். ஒரு பாட்டுக்கு என்றால் பரவாயில்லை. குழுவே எப்போதும் இறக்கித்தான் வாசிக்கிறது என்றால் ஒரு படி தடித்த செட்டுக்கு மாறுங்கள்.

6. மடக்காமல் வெட்டாதீர்கள். கம்பி டியூனிங் கீயைத் தாண்டி நாலைந்து அங்குலம் இருக்கும்படி அளந்து, முதலில் செங்குத்தாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். நேராக வெட்டினால் உள் எஃகின் மேல் வெளிச்சுற்று தளர்ந்து, புதுக் கம்பியே செத்த கம்பிபோல் பேசும். கீயில் இரண்டு மூன்று சுற்று, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும்.

7. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் தடவாதீர்கள். துரு பிடிக்காது என்று தோன்றும். ஆனால் எண்ணெய் தூசியைப் பிடித்துச் சுற்றுக்குள் நிரப்பும். மிச்சமிருந்த பளிச்சும் போய்விடும்.

8. கொதிநீரில் போட்டெடுப்பதை வழக்கமாக்காதீர்கள். அழுக்கு கரைந்து சில நாள் ஒலி திரும்புவது உண்மைதான். ஆனால் நம் ஊர் ஈரத்தில் சுற்றுக்குள் தங்கிய நீர் உள் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். அதைவிட மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் துடைப்பது மேல். கம்பியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்; பலகையிலோ வார்னிஷிலோ பட்டால் கெடும். பூச்சுள்ள கம்பிக்கும் டேப்வவுண்டுக்கும் இந்த இரண்டு வைத்தியமுமே வேண்டாம்.

9. உறையை முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள். பிரித்த நிமிடத்திலிருந்து காற்று தன் வேலையைத் தொடங்கிவிடும். கடலைப் பார்த்த ஜன்னலோரம் பேஸை ஸ்டாண்டில் நிறுத்தி வைப்பதும் அதே தவறு. வியர்த்த பேஸைத் துடைக்காமல் பெட்டிக்குள் போட்டு மூடுவது அதைவிட மோசம்.

10. அறுந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே விடாதீர்கள். மூன்று பழைய கம்பிக்கு நடுவே ஒரு புது ரவுண்ட்வவுண்ட் தனியாகக் கத்தும். அன்றைய மேடையைச் சமாளிக்க அது போதும். அடுத்த வாரம் செட்டாக மாற்றுங்கள். ஃப்ளாட்வவுண்டில் இந்த வேறுபாடு அவ்வளவு தெரியாது.

11. கம்பி செத்துவிட்டதை மறுத்துக்கொண்டிருக்காதீர்கள். 12ஆவது ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிட்ஜில் சரிசெய்தும் ஒத்துவராவிட்டால் கம்பியின் எடை சீராக இல்லை என்று அர்த்தம். ஆம்ப்ளிஃபையரில் டிரெபிளைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது, இரைச்சல்தான் கூடும்.

12. கழற்றிய செட்டை உடனே குப்பையில் போடாதீர்கள். துடைத்து, சுருட்டி, பெயர் எழுதி, பெட்டியின் பைக்குள் வையுங்கள், கூடவே ஒரு கட்டிங் பிளேயரும். மேடையில் ஒரு கம்பி அறுந்தால், புதுக் கம்பியைவிடப் பழகிய கம்பிதான் மற்ற மூன்றோடும் ஒத்துப்போகும்.

கடைக்குப் போகும் முன்

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? வாரம் ஒருமுறை கோயிலில் வாசிக்கிறவர்: ஃப்ளாட்வவுண்ட், 45-105. மாட்டிவிட்டு மறந்துவிடலாம். இன்னிசைக் குழுவில் எல்லாக் காலத்துப் பாட்டும் வாசிக்கிறவர்: ஹாஃப்வவுண்ட், அல்லது நிக்கல் ரவுண்ட்வவுண்ட் 45-100, பின்னதில் கைவசம் ஒரு செட் கூடுதலாக. ராக், ஸ்லாப்: பூச்சுள்ள ரவுண்ட்வவுண்ட், அல்லது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாற்றத் தயாராக ஸ்டீல். ஃப்ரெட்லெஸ்: டேப்வவுண்ட். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள்: நிக்கல் 40-100, ஆறு மாதம் போனபின் ஃப்ளாட்வவுண்ட் போட்ட நண்பர் ஒருவரின் பேஸை வாங்கி ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். அடுத்த செட் எது என்பதை உங்கள் விரலே சொல்லிவிடும்.